கைபடாமல் எழுப்புவது எப்படி

அக்காவின் கணுக்காலில் தம்பி கட்டைவிரலை வைத்து அழுத்தினான். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"என்னடா, மாவு பதம் பாக்கிறியா?" என்றாள் அக்கா. மூச்சு வாங்கியதால் இந்தச் சின்னக் கேலியைக்கூட அவள் இரண்டு தவணையாகச் சொல்லவேண்டியிருந்தது.

மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் எல்லாம் தயாராக இருந்தன. மிஷின் துடைத்துவைக்கப்பட்டிருந்தது. சாய்வு நாற்காலியில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். டெக்னீஷியன் பெண் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றாள். அக்கா சட்டைக்கையை மடித்து, ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். மிஷின் திரையில் மட்டும் 'இன்று உங்கள் முறை இல்லை' என்று சிவப்பு எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. அடுத்த மிஷினிலும் அதே எழுத்து. அதற்கடுத்ததிலும் அதே.

அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்துவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் மிஷினில் உட்கார்ந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் அவள் அக்காவாக இருக்கமுடியும். இல்லையென்றால் உடம்பில் தண்ணீர் ஏறி, மூச்சு முட்டி, மிச்சத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரில் இருக்கிற டயாலிசிஸ் மிஷின்கள் அத்தனையும், பெரிய ஆஸ்பத்திரி சின்ன ஆஸ்பத்திரி என்ற வித்தியாசம் இல்லாமல், நேரப்பணி இயக்ககத்தின் ஒரே சர்வரோடு கட்டப்பட்டவை. யாரும் யாரையும் முந்திவிடக்கூடாது என்ற உயர்ந்த நோக்கம். விடிந்ததும் அந்த சர்வருக்குள் ஒரு வேலை தானாக ஓடும். இன்று யார் யாருக்கு முறை என்று மிஷின்களுக்குச் சொல்லும். அது சொன்னால்தான் மிஷின் ஒரு மனுஷரின் இரத்தத்தைத் தொடும்.

அந்த வேலை ஓடவில்லை. அக்காவுக்கு இது தொடர்ந்து மூன்றாவது முறை தவறுகிறது.

"அவசரம்னு போட்டுப் பாருங்களேன்ம்மா," என்றான் தம்பி.

"யாருக்கு அவசரம்னு முடிவு பண்றதும் காலையில ஓடற இன்னொரு வேலைதான் அண்ணா. அதுவும் ஓடலை."

"அப்ப இங்க யாருக்கும் அவசரமே இல்லையா?"

"இல்லைன்னுதான் திரையில வருது."

அக்காவுக்கு வேறு கவலை. "மூணு முறை வராட்டி பேரை அடிச்சிடுவாங்கன்னு சொல்வாங்களேம்மா."

"அது பழைய கதைக்கா. அப்படி ஒரு வேலை இருந்துச்சு. வெள்ளம் வந்தப்ப ரோடெல்லாம் முங்கி யாராலயும் வர முடியலை. அது பாட்டுக்கு எல்லார் பேரையும் அடிச்சுப் போட்டுச்சு. அப்புறம் யாரோ புண்ணியவான் அதை நிறுத்தி வெச்சாங்க. பயப்படாதீங்க."

தம்பி அக்காவை வீட்டுக்கு அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தான். படுத்தால் மூச்சு முட்டுவதால் ஒரு வாரமாக அவளுக்கு நாற்காலிதான் கட்டில். வாயில் போட்டுக்கொள்ள ஒரு ஐஸ் துண்டைக் கொடுத்துவிட்டு, தம்பி இயக்ககத்துக்குக் கிளம்பினான். அவன் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஜன்னலுக்கும் மேசைக்கும் கண்ணாடி வெட்டிக்கொடுப்பான். இடுப்பில் அளவு நாடாவும் சட்டைப்பையில் வைரமுனை கட்டரும் இல்லாமல் அவனுக்கு வெளியே போய்ப் பழக்கமில்லை. அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு அவனை உள்ளே விட்டது.

இயக்ககத்தின் கீழ்த்தளம் முழுக்க ஜனம். வரவேற்பு மேசைப் பெண் நிமிராமலே சொன்னாள்.

"டோக்கன் எடுத்துட்டு வாங்க."

"மிஷின்ல டோக்கன் வரலைங்க."

"வராது. டோக்கன் குடுக்கிறதும் நேரம் குறித்த வேலைதான். தூங்குது."

"அப்ப டோக்கன் இல்லாமலே ஒரு நிமிஷம் யாரையாவது..."

"டோக்கன் இல்லாம யாரையும் பாக்க முடியாது."

"அப்ப இவங்கல்லாம்?"

"இவங்கல்லாம் டோக்கனுக்காகக் காத்திருக்காங்க," என்று அவள் நிமிர்ந்தாள். அவன் இடுப்பைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. "நீங்க கண்ணாடி ஆளா? முதல்லயே சொல்லக்கூடாதா? மேல உங்களைத்தான் தேடிட்டிருக்காங்க. நாலாவது மாடி. செருப்பைக் கழட்டிட்டுப் போங்க, சத்தம் வரக்கூடாது."

தன்னை யார் தேடுகிறார்கள் என்று தம்பிக்குப் புரியவில்லை. இருந்தாலும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினான்.

நாலாவது மாடியில் உறக்கப் பிரிவு. நீளமான கூடத்தில் ஏகப்பட்ட ஊழியர்கள், எல்லாரும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தும்மலை அடக்கிக்கொண்டு வெளியே ஓடினார். பிரிவின் அதிகாரி தம்பியைத் தன் திரையருகே அழைத்துப்போய், தொட்டில் துணியை விலக்கிக் காட்டும் தாயைப்போலக் காட்டினார். வரிசை வரிசையாகச் சாம்பல் நிற எழுத்து. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'துயில்' என்ற சொல்.

"பாத்தீங்களா?" என்றார் தாழ்ந்த குரலில். "ஒண்ணுகூட முழிச்சில்ல. முன்னாடி கையால தூங்கவெச்ச காலத்துல நாலு தப்பிக்கும், அஞ்சு தப்பிக்கும். இப்ப நூத்துக்கு நூறு. வெளியூர்லேர்ந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க."

"எதுக்குங்கய்யா தூங்கவெக்கிறீங்க?"

"பராமரிப்புக்கு. சர்வரைப் பராமரிக்கும்போது வேலைகள் ஓடிட்டிருந்தா கெட்டுப்போயிடும்."

"பராமரிப்பு இன்னும் முடியலையா?"

"அது அன்னைக்கே முடிஞ்சுது. மேல இருந்த தூசியைத் துடைச்சாங்க."

"அப்ப எழுப்பிட வேண்டியதுதானே?"

அதிகாரியின் முகம் சுருங்கிவிட்டது. "எழுப்புறது எங்க பிரிவு இல்லைங்க. விழிப்புப் பிரிவு. மாடிப்படிக்குக் கீழ."

மாடிப்படிக்குக் கீழே, கூரை சரிந்து இறங்கும் இடத்தில், விழிப்புப் பிரிவு இருந்தது. பிரிவு என்றால் ஒரே ஒரு மனிதர். அவரைச் சுற்றிக் காலியான நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்திருந்தார்கள். நாம் அவரை விழிப்புக்காரர் என்று சொல்லிக்கொள்வோம். மூலையில் சர்வர் ஒரு இரும்பு அலமாரிக்குள் இரைந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் மேசை, திரை, விசைப்பலகை. தம்பி அக்காவைப் பற்றிச் சொன்னதும் அவர் ஒரு நாற்காலியை நிமிர்த்திப் போட்டார்.

"முன்னாடி இங்க நிறைய பேர் இருந்தோம்," என்றார். "தூங்கவெச்ச வேலையை ஒண்ணொண்ணா கையாலதான் எழுப்புவோம். எதை எழுப்பணும், எதை எழுப்பக்கூடாதுன்னு எங்களுக்குத் தெரியும். ஒரு தடவை, டைரக்டர் ரூம் ஏசியைப் போடற வேலையை எழுப்ப மறந்துட்டோம். அவருக்கு வேர்த்துப்போச்சு. அன்னைக்குச் சாயங்காலமே எல்லாத்தையும் தானியங்கி ஆக்கிட்டாங்க. தூங்கவெக்க ஒரு வேலை, எழுப்ப ஒரு வேலை. ரெண்டும் நேரம் வந்தா தானா ஓடும். எங்க ஆளுங்களையெல்லாம் உறக்கப் பிரிவுக்கு மாத்திட்டாங்க."

"நல்லதுதானுங்களே. அப்புறம் ஏன் எழுந்திருக்கலை?"

விழிப்புக்காரர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தூங்கவெக்கிற வேலை எல்லா வேலையையும் தூங்கவெச்சுது. எழுப்புறதும் ஒரு வேலைதானே. அதையும் தூங்கவெச்சிடுச்சு."

தம்பிக்கு இது புரியச் சற்று நேரம் பிடித்தது. "இது யாருக்குமே தோணலையா?"

"எனக்கே தோணலை. இவ்வளவு சின்ன விஷயம் யாருக்குத் தோணும்?"

"சரிங்க, இப்ப கையால எழுப்பிடுங்க."

"அய்யய்யோ!" என்று அவர் இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மனிதக் கை பட்டா அது தானியங்கி இல்லைன்னு சுற்றறிக்கை. கட்டளையை அடிச்சுத்தான் வெச்சிருக்கேன், பாருங்க. 'எல்லாவற்றையும் எழுப்பு'. என்டர் மட்டும் பாக்கி. காலையில வந்து அடிச்சுவெப்பேன், அனுமதிக்குக் காத்திருப்பேன், சாயங்காலம் அழிச்சுட்டு வீட்டுக்குப் போவேன். அனுமதி வந்த நிமிஷம் அழுத்திடுவேன்."

"அனுமதி யார் குடுக்கணும்?"

"டைரக்டர். இதுக்குன்னே இப்ப மேல கூட்டம் நடக்குது. உங்களையும் வரச்சொன்னாங்களே, நீங்க கண்ணாடி ஆள்தானே?"

கூட்ட அறையில் குளிர் தாங்கவில்லை. ஏசி நன்றாக வேலை செய்தது. அதை மட்டும் இப்போது ஒரு ஆள் கையால் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார், அது வேறு விஷயம். தம்பியை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். 'எழுப்பியை எழுப்புவது எவ்வாறு' என்பது பொருள். ஒருவர் எழுந்து, எழுப்பியை எழுப்ப இன்னொரு எழுப்பி வைக்கலாம் என்றார். அதையும் தூங்கவைத்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். அதற்கு மூன்றாவதாக ஒன்று வைக்கலாம் என்று முடிவாயிற்று. ஏழாவது எழுப்பி வரை வந்தபோது டீ வந்தது. டீ குடித்த தெம்பில் இயக்குநர் எழுந்தார்.

"நண்பர்களே," என்றார் அவர். நல்ல குரல் அவருக்கு, சும்மா சொல்லக்கூடாது. "ஒன்றை மறந்துவிடாதீர்கள். முற்காலத்தில் ஒரு வேலை நின்றுபோனால், யாருடைய தவறு என்று தேடவேண்டியிருந்தது. எத்தனை விசாரணை, எத்தனை மனவருத்தம்! நல்ல நல்ல அதிகாரிகள் நாற்பது வயதிலேயே நரைத்துப்போனார்கள். இன்று இத்தனை வேலைகள் நின்றிருக்கின்றன. யார்மீதாவது தவறு சொல்லமுடியுமா? முடியாது! இதுவே தானியங்கித் துயிலெழுப்பு முறைமையின் மகத்தான வெற்றி. துயில் என்பது நின்றுபோவது அல்ல. துயில் என்பது விழிப்புக்கான ஆயத்தம். ஆயத்தம் எவ்வளவு நீளுகிறதோ விழிப்பு அவ்வளவு சிறக்கும். நமக்குள்ள ஒரே ஆபத்து, பொறுமையற்ற எவராவது கையால் எழுப்பிவிடுவதுதான். ஆகவே அந்த விசைப்பலகைக்குப் பூட்டுடன் கூடிய கண்ணாடிப் பெட்டி ஒன்று உடனடியாகப் பொருத்தப்படவேண்டும்."

எல்லாரும் கைதட்டினார்கள், ஓசை வராமல். பிறகு எல்லாத் தலையும் தம்பியின் பக்கம் திரும்பியது.

"ஐயா," என்றான் தம்பி. "என் அக்காவுக்கு டயாலிசிஸ் முறை வரலைங்க. ரொம்ப முடியலை. மூச்சு விடவே..."

இயக்குநர் அவன் அருகில் வந்து தோளில் கைவைத்தார். உண்மையான கனிவுதான். அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்ட மனிதராக இருந்தால் ஒரு திட்டாவது திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"உங்கள் அக்கா சிறிதும் கவலைப்படவேண்டாம். அவருடைய முறை ரத்தாகவில்லை, உறங்குகிறது. ரத்து வேறு, உறக்கம் வேறு."

"அவங்க படுத்து உறங்கியே ஒரு வாரம் ஆச்சுங்க," என்றான் தம்பி.

"பெட்டி நாளை காலை வந்துவிடுமா?" என்று கேட்டார் இயக்குநர்.

சாயங்காலம் வீட்டு முற்றத்தில் தம்பி கண்ணாடி வெட்டினான். அளவுகோலை அழுத்திப் பிடித்துக் கட்டரை ஒரே இழுப்பாக இழுத்தான். கீறிய கோட்டில் தட்டியதும் கண்ணாடி இரண்டாகப் பிரிந்தது. அக்கா நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் ஊதி, கண் சின்னதாகிவிட்டிருந்தது. உள்ளங்கையில் ஐஸ் துண்டு கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதை வாயில் போட்டுக்கொள்ளக்கூட மறந்துபோயிருந்தாள்.

"யாருக்குடா பெட்டி?"

தம்பி எல்லாவற்றையும் சொன்னான். அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். தூங்கிவிட்டாள் என்று அவன் நினைத்தபோது கண்ணைத் திறந்தாள்.

"எல்லாம் அடிச்சு வெச்சிருக்கு, ஒரு பட்டன் மட்டும்தான் பாக்கி. அதை யாரும் அழுத்தாம இருக்க நீ பெட்டி செய்யற."

"ஆமாக்கா."

"பெட்டியை மூடறதுக்கு முன்னாடி உன் கை அங்கதானே இருக்கும்?"

தம்பி கண்ணாடி ஓரத்தைத் தேய்ப்பதை நிறுத்தினான்.

"எனக்குச் சாகறதுக்குப் பயமில்லைடா," என்றாள் அக்கா. பிறகு கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டு, "பொய் சொல்றேன். ரொம்பப் பயமா இருக்கு," என்றாள்.

மறுநாள் காலை விழிப்புக்காரர் வழக்கம்போலக் கட்டளையை அடித்துவைத்திருந்தார். தம்பி பெட்டியை மேசையில் வைத்தான். கண்ணாடி மேசையில் இடித்து ஓசை எழுப்பியது. விழிப்புக்காரர் அவன் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார்.

"நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்," என்றார். "சூடா குடிக்க மாட்டேன். ஆத்தி ஆத்தித்தான் குடிப்பேன். நீங்க பொருத்திட்டிருங்க. விரல் படாம பாத்துக்குங்க."

அவர் போனதும், அக்காவின் கணுக்காலை அழுத்திய அதே கட்டைவிரலால் தம்பி என்டரை அழுத்தினான். ஒன்றும் நடக்காததுபோல இருந்தது. அவசரமாகப் பெட்டியைக் கவிழ்த்து, ஓரத்தில் பசையை இழுத்து, பூட்டை மாட்டினான். அதற்குள் கட்டடம் எழுந்துவிட்டது.

எல்லாம் எழுந்தன. கீழ்த்தளத்தில் டோக்கன் மிஷின் கட்டுக்கட்டாகத் துப்பியது. கூடத்து மணிகள் அடித்தன. எப்போதோ இடிக்கப்பட்ட கிழக்குக் கட்டடத்தின் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ந்து, அங்கே நின்ற கார்கள் நனைந்தன. போன இயக்குநருக்கும் அதற்கு முந்தைய இயக்குநருக்கும் பிரிவு உபசார வாழ்த்து ஒலிபெருக்கியில் ஒரே சமயத்தில் வாசிக்கப்பட்டது. காலமான ஊழியர்களுக்கெல்லாம் பிறந்தநாள் வாழ்த்து போயிற்று. உறக்கப் பிரிவு அதிகாரி நாலாவது மாடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இயக்குநரோ படியில் நின்று கையை உயர்த்தினார்.

"தானாகவே எழுந்துவிட்டது! பாருங்கள், பெட்டி பூட்டியிருக்கிறது! ஒரு மனிதக் கைகூடப் படவில்லை!"

இந்த முறை ஓசையோடு கைதட்டினார்கள். தம்பிக்கும் அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். செருப்பைக் கையில் பிடித்தபடியே தெருவில் ஓடினான்.

அக்காவை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது, மிஷின் திரைகளில் சிவப்பு எழுத்து இல்லை. எல்லாவற்றிலும் அழகான பச்சை எழுத்து: 'காத்திருப்போர் எவருமில்லை.'

டெக்னீஷியன் பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. "அண்ணா, எல்லாம் முழிச்சிடுச்சு," என்றாள். "எல்லாம்னா எல்லாம். வெள்ளத்தப்ப நிறுத்தி வெச்சாங்களே, மூணு முறை வராதவங்க பேரை அடிக்கிற வேலை, அதுவும். அதுதான் முதல்ல ஓடியிருக்கு. கணக்குப்படி யாருமே மூணு முறை வரலையில்ல? எல்லார் பேரையும் அடிச்சிடுச்சு. அதுக்கப்புறம்தான் முறை குடுக்கிற வேலை ஓடிச்சு. குடுக்க ஆள் இல்லை."

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் ஒலித்தது. சிகிச்சையில் அக்கறை காட்டாததால் அவர் பெயர் நீக்கப்பட்டதாகவும், நலமுடன் வாழ வாழ்த்துவதாகவும் அதில் செய்தி வந்திருந்தது.

"திரும்பப் பதிஞ்சுக்கலாம்ல?" என்றான் தம்பி.

"பதியலாம். அதுவும் குறித்த வேலைதான். வருஷப் பிறப்பன்னைக்கு ஓடும்."

வருஷப் பிறப்புக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. தம்பி சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான். "நான்தான் அழுத்தினேன்க்கா. என் கையாலயே உன் பேரை அடிச்சிட்டேன்."

"அழுத்தச் சொன்னவ நான். எழுந்திருடா, ஆஸ்பத்திரித் தரை," என்றாள் அக்கா. அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அடுத்த வார்த்தைக்கு மூச்சு இல்லை.

டெக்னீஷியன் பெண் அந்த உதட்டைப் பார்த்தாள். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு மிஷினின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன மூடியைத் திறந்து எதையோ திருப்பினாள். திரை மஞ்சளாயிற்று.

"பழுதுபார்க்கும்போது மட்டும் இது யாரையும் கேக்காது," என்றாள். "உப்புத் தண்ணியை ஓட்டிச் சோதிப்போம். அது உப்புத் தண்ணியா ரத்தமான்னு மேல தெரியாது. தெரிஞ்சா என் வேலை போயிடும் அண்ணா. கையை நீட்டுங்கக்கா."

ஊசி ஏறியது. திரை, 'பழுதின் விவரம்?' என்று கேட்டது. டெக்னீஷியன் பெண் என்ன போடுவதென்று விழித்தாள்.

"சத்தம்னு... போடும்மா," என்றாள் அக்கா.

குழாயில் சிவப்பு ஓடத் தொடங்கியது. தம்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அரைமணி கழித்து அக்கா ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசினாள். அவன் சட்டையை மூன்று நாளாக மாற்றவில்லை என்பதுதான் அந்த வாக்கியம்.

சாயங்காலத்துக்குள் விஷயம் கசிந்துவிட்டது. மற்றவர்களும் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தார்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு. ஓய்வுபெற்ற தபால்காரர் 'கசிவு' என்று பதிவானார். தையல்கார அம்மாள் 'நடுக்கம்'. கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி, அழுதுகொண்டே வந்ததால், 'ஈரம்'. வராமலே போனவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி அங்கே யாரும் பேசிக்கொள்ளவில்லை. காலியாகக் கிடந்த நாற்காலிகளை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள்.

இப்படியே கொஞ்ச காலம் ஓடியது. இயக்ககத்தின் கணக்கில் அந்த ஊரில் சிறுநீரக நோயாளி என்று ஒருவர்கூட இல்லை. காத்திருப்போரே இல்லாத ஊர் என்று அதைக் கொண்டாட, இயக்குநர் புகைப்படக்காரரோடு நேரில் வந்தார். டெக்னீஷியன் பெண்ணுக்குக் கதவைச் சாத்த நேரம் கிடைக்கவில்லை. மிஷின்கள் எல்லாம் மஞ்சள் திரையோடு ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மனுஷர் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் அக்காவின் முன்னால் நின்றார். அக்காவைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"இது யார்?"

டெக்னீஷியன் பெண் மிஷினின் பக்கவாட்டு மூடியைக் கையால் மறைத்துக்கொண்டாள். தம்பி அக்காவின் நாற்காலிப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். கடைசியில் அவன்தான் சொன்னான். "பழுதுங்கய்யா."

"அப்படியா," என்றார் இயக்குநர். திரையில் அப்படித்தான் இருந்தது. அவருக்கு அதற்குமேல் ஐயம் எழவில்லை. வரிசை நெடுக நடந்து பார்த்தார். கசிவு, நடுக்கம், ஈரம். திரும்பி வரும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

"ஒரு மிஷின்கூடப் பழுதில்லாமல் இல்லையே! இத்தனை இன்னலுக்கு நடுவிலும் நோயாளிகளே இல்லாமல் செய்திருக்கிறீர்கள்! உங்களை இப்படி விட்டுவிடமாட்டேன். இவற்றையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டுப் புதிய மிஷின்கள் தருகிறேன். பழுதே வராதவை. அவற்றில் பழுதுபார்க்கும் வழியே கிடையாது, அவ்வளவு உறுதி." உதவியாளர் பக்கம் திரும்பினார். "இதைக் குறித்த வேலையாகப் போட்டுவிடுங்கள். நேரம் வந்தால் தானாகவே நடக்கட்டும். மனிதக் கை படவேண்டாம்."

எல்லாரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். அக்காவும் மிஷினில் இருந்த மற்றவர்களும் மட்டும் படத்தில் விழவேண்டாம் என்று புகைப்படக்காரர் கேட்டுக்கொண்டார், பழுது தெரிந்தால் நன்றாக இருக்காது என்று.

இயக்ககம் சீக்கிரம் ஏதாவது செய்யாதா என்று அதன் வாசலில் கெஞ்சியவன் தம்பி. இப்போது அது எதையும் செய்துவிடக்கூடாது என்று நாளுக்கு இரண்டுமுறை வேண்டிக்கொள்கிறான். மிஷின்களை மாற்றும் நேரத்தை எப்போதுக்குக் குறித்திருக்கிறார்கள் என்று விழிப்புக்காரரைக் கேட்கப் போனான். அதைப் பார்க்கவேண்டுமென்றால் விசைப்பலகையைத் தொடவேண்டும் என்றார் அவர். பெட்டி பூட்டியிருந்தது. நல்ல பெட்டி, ஓரங்களெல்லாம் சுத்தமாகப் பொருந்தியிருந்தன, பசை இறுகிவிட்டது. அதன் சாவி உறக்கப் பிரிவில் இருந்தது.

அடுத்த முறை அக்கா மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது மருத்துவமனை வாசலில் லாரி ஒன்று வந்து நின்றது. தம்பி ஓடிப்போய்ப் பார்த்தான். துணி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னடா, வந்துடுச்சா?"

"துணிக்கா. பயப்படாத. அவங்களாவது மிஷின் அனுப்பறதாவது? எதைச் சொன்னபடி செஞ்சிருக்காங்க அவங்க? நாம கிழவன் கிழவி ஆனாலும் வராது."

அக்கா குழாயில் ஓடும் சிவப்பைப் பார்த்தாள்.

"அவங்க அனுப்ப மாட்டாங்கடா, அது எனக்கும் தெரியும்," என்றாள். "தானா வந்துட்டா?"

தம்பி குனிந்து அவள் கணுக்காலை அழுத்திப் பார்த்தான்.